‘போயிட்டு வா’ என்று சொல்லும் முன்...

அன்புள்ள வாசகர்களுக்கு,



“கொல்லிமலைக்கு ரைடு போறோம்மா. சாயங்காலம் வந்துடுவோம்.”

சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சு எழாத வீடு இன்று குறைவு. நாமக்கல், சேலம், ஈரோடு, திருச்சி பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். உடனே வீட்டில் என்ன நடக்கிறது? அம்மா “இப்ப எதுக்குடா?” என்கிறார். அப்பா, டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் “ஹெல்மெட்டை எடுத்துக்கோ” என்கிறார். விடியற்காலையில் வண்டி கிளம்பிவிடுகிறது. அதன்பிறகு மாலைவரை அம்மாவின் கை போனைவிட்டு நகர்வதில்லை.

தடுக்கவும் முடியவில்லை, நிம்மதியாக அனுப்பவும் முடியவில்லை. நம்மில் பலரின் நிலைமை இதுதான். இந்த இதழில் அதைப்பற்றிக் கொஞ்சம் மனம்விட்டுப் பேசலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் அந்த ஆசையில் தப்பே இல்லை.

கொல்லிமலையின் காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி மேலே போகப்போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. சமவெளியின் வெக்கை பின்தங்கி, பாதி மலை ஏறும்போதே காற்று குளிர்ந்துவிடும். ஒரு வளைவு திரும்பினால், சற்றுமுன் நாம் வந்த சாலை காலுக்குக் கீழே நாடா மாதிரி கிடக்கும். 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கும் ஊருக்கு நேராகச் சாலை போட முடியாது. செங்குத்தைக் குறைப்பதற்காகத்தான் பாதை இப்படித் திரும்பித் திரும்பி ஏறுகிறது. பொறியாளர்கள் தேவைக்காகப் போட்ட வளைவு, வண்டி ஓட்டுகிறவருக்கு விருந்தாக அமைந்துவிட்டது. கியரை மாற்றி, உடம்பைச் சாய்த்து, அடுத்த வளைவை எதிர்பார்த்து ஓட்டுவதில் உள்ள சந்தோஷம் உண்மையானது. வாரம் முழுக்க ஆபீஸிலும் டிராஃபிக்கிலும் அடைபட்டுக் கிடக்கிற பிள்ளைகள் அதைத் தேடிப் போவதில் என்ன ஆச்சரியம்?

நம் பக்கம் இதற்குப் பஞ்சமும் இல்லை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி பாதையில் 36. ஏற்காட்டுக்கு 20. பைக் மட்டுமல்ல, இப்போது விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இந்தப் பாதைகளில் அணிவகுக்கின்றன.

இந்தப் பித்து நம் ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. அமெரிக்காவில் டென்னசி, வட கரோலினா மாநிலங்களின் எல்லையில் ‘டிராகனின் வால்’ என்று ஒரு சாலை உண்டு. 11 மைல் தூரத்தில், அதாவது 18 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், 318 வளைவுகள். உலகெங்கிலுமிருந்து பைக்கையும் ஸ்போர்ட்ஸ் காரையும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தச் சாலையின் ஒரு முனையில் ஒரு மரம் நிற்கிறது. விழுந்து நொறுங்கிய வண்டிகளின் கண்ணாடி, மட்கார்டு, சைலன்சர் எல்லாவற்றையும் அதில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ‘அவமான மரம்’ என்று அதற்குப் பெயர். பாதையின் புகழைத் தேடி வருகிறவர்கள் திரும்பும்போது அந்த மரத்தையும் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

நம் மலைகளில் அப்படி ஒரு மரம் இல்லை. ஆனால் வளைவுகளின் ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும் தகரத் தடுப்புகளும் பெயர்ந்த சுவர்களும் அதே கதையைச் சொல்கின்றன, இல்லையா?

சரி, தடுப்பதைவிட நல்ல வழி என்ன? தயார்செய்து அனுப்புவதுதான். நான் இந்தப் பக்கத்தில் சொல்ல வந்தது இவ்வளவுதான். வேண்டாம் என்று சொன்னால் நம்மிடம் சொல்லாமல் போவார்கள். எப்படிப் போவது என்று உட்கார்ந்து பேசினால், சொல்லிவிட்டுப் போவார்கள். சொன்னதை நினைவிலும் வைத்திருப்பார்கள்.

அந்தப் பேச்சில் முதலாவதாக வரவேண்டியது, அந்தச் சாலை யாருடையது என்பது.

நமக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பாதை. கொல்லிமலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்கு அது தினசரிப் பாதை. மேலே விளையும் மிளகும் காபியும் வாழையும் அன்னாசியும் பலாவும் சந்தைக்கு மலை இறங்கியாக வேண்டும். ரேஷன் மூட்டையும் சிமென்ட்டும் சிலிண்டரும் மலை ஏறியாக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய கர்ப்பிணியும் அதே வளைவுகளில்தான் 108 ஆம்புலன்ஸில் இறங்குகிறார்.

மலைப்பாதையில் அரசு பஸ் திரும்புவதை நின்று பார்த்திருக்கிறீர்களா? வளைவுக்குச் சற்று முன்பே டிரைவர் ஹாரன் அடிப்பார். வேகம் நடைவேகமாகக் குறையும். பிறகு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வண்டியைத் திருப்புவார். அப்போது பஸ்ஸின் மூக்கு எதிர்ப் பாதைக்குள் நீண்டு, ஓரச் சுவரைத் தொடுகிற மாதிரி போய்த் திரும்பும். அந்தச் சில நொடிகளுக்கு முழுச் சாலையும் பஸ்ஸுக்குத்தான் சொந்தம். அவருக்கு வேறு வழியே இல்லை, பஸ்ஸின் நீளம் அப்படி. அந்த நேரத்தில் மறுபக்கத்திலிருந்து ஒரு பைக் சாய்ந்தபடி பறந்து வந்தால்? தப்பு யாருடையது என்று பிறகு எத்தனை பஞ்சாயத்து பேசியும் என்ன பயன்?

அதனால்தான் “காரவள்ளியிலிருந்து மேலே எத்தனை நிமிஷத்துல ஏறின?” என்ற கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. கடிகாரத்தோடு போட்டி போட்டு ஏறிய வீடியோவுக்கு லைக் போடும் கை நம்முடையதாக இருக்கக்கூடாது. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். சட்டத்தைக்கூட விடுங்கள், பலாப்பழம் ஏற்றிக்கொண்டு இறங்குகிற மினி லாரிக்காரருக்கு அந்தப் பந்தயத்தில் என்ன சம்பந்தம்?

இரண்டாவது, வளைவைப்பற்றிச் சில எளிய உண்மைகள். வண்டி ஓட்டத் தெரியாதவர்களும் இதைத் தெரிந்துகொள்ளலாம், பிள்ளைகளிடம் பேச உதவும்.

வேகம் இரண்டு மடங்கானால், வண்டியை வளைவில் பிடித்துவைக்க டயருக்குத் தேவைப்படும் பிடிமானம் நான்கு மடங்காகிறது. பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரமும் ஏறக்குறைய நான்கு மடங்கு. 20-ல் சுலபமாகத் திரும்பிய வளைவு 40-ல் திரும்ப மறுப்பதற்கு இதுதான் காரணம். ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போனபிறகு பதறி பிரேக்கை அழுத்தினால், அதுவும் மழைநீர் அடித்துவந்த மணல் கிடக்கும் இடமாக இருந்தால், டயர் வழுக்கிவிடும்.

இன்னொன்று, நல்ல ரைடர்களே கவனிக்கத் தவறுவது. நாம் இடப்பக்கம் போகிறவர்கள். வலப்பக்க வளைவில் பைக் வலது பக்கம் சாயும். டயர் நம் பாதையில், நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கும். ஆனால் தலையும் தோளும் கோட்டைத் தாண்டி எதிர்ப் பாதைக்குள் நீண்டிருக்கும். எதிரே வரும் லாரியும் கோட்டை ஒட்டி வந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. எனவே வலப்பக்க வளைவுகளில் கோட்டிலிருந்து நன்றாக விலகி, நம் பாதையின் இடது பாதியில் இருப்பதே புத்திசாலித்தனம்.

குறுகலான மலைப்பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் யார் நிற்க வேண்டும்? இறங்குகிறவர் ஒதுங்கி நின்று, ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. ஏற்றத்தில் நின்றுபோன வண்டியை மறுபடி கிளப்புவது எவ்வளவு கஷ்டம் என்பது பாரம் ஏற்றிய டிரைவரைக் கேட்டால் தெரியும். இந்த ஒரு மரியாதையைக் காட்டினாலே மலைப்பாதையில் பாதிச் சண்டைகள் குறையும்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது, இறக்கம்.

ஏறும்போது எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். சுற்றிப்பார்த்து, அருவியில் குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, களைத்துப்போய் இறங்கும்போதுதான் கவனம் தளர்கிறது. ஆகாய கங்கை அருவிக்கு நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி ஏறிய கால், அதே களைப்போடு பிரேக்கையும் மிதிக்க வேண்டியிருக்கிறது. ஏற்றத்தில் புவியீர்ப்பு நம் பக்கம் நின்று வேகத்தைக் குறைக்கிறது. இறக்கத்தில் அது எதிர்க்கட்சி.

மலை அடிவாரத்தில் கார்கள் வந்து நிற்கும்போது சக்கரத்திலிருந்து ஒரு கருகிய வாடை அடிக்குமே, கவனித்திருக்கிறீர்களா? விடாமல் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கியதன் விளைவு அது. பிரேக் பேட் சூடேறிப் பிடிமானத்தை இழக்கிறது. சூடு இன்னும் ஏறினால் பிரேக் ஆயில் கொதித்து அதில் ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. பிறகு மிதித்தால் பெடல் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சக்கூடியது. பழைய ஆயில் என்றால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். வருஷக்கணக்கில் மாற்றாமல் இருந்தால், மலைக்குப் போகும் முன் மெக்கானிக்கிடம் சொல்லி மாற்றிவிடுங்கள். செலவு அதிகமில்லை.

இதற்கு நம் பழைய லாரி டிரைவர்கள் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. குறைந்த கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன் விட்டு விட்டுத் தொட்டால் போதும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் ‘எல்’ அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றிக் குறைந்த கியரில் வைக்க வேண்டும். வெறும் ‘டி’யில் போட்டுவிட்டு பிரேக்கை நம்பி இறங்கக்கூடாது.

“நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்” என்று இன்னும் பல வீடுகளில் நம்புகிறார்கள். தயவுசெய்து இதை மாற்றிக்கொள்ளுங்கள். இப்போதைய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட ஆபத்து. பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும், சில தடவை மிதித்ததும் பிரேக்குக்குக் கிடைக்கும் துணை பலமும் போய்விடும். பத்து ரூபாய் பெட்ரோலுக்காகக் குடும்பத்தை அடகு வைப்பதா?

ஸ்கூட்டர்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும் பலம் குறைவு. கணவன், மனைவி, நடுவில் குழந்தை, கால் வைக்கும் இடத்தில் பை என்று இறங்கும்போது மொத்த பாரமும் பிரேக் மீதுதான். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். அகலமான, பார்வை மறையாத இடமாகப் பார்த்து அவ்வப்போது நிறுத்தி, சக்கரம் ஆறும்வரை டீ குடியுங்கள். அவசரம் ஒன்றுமில்லை. பின்னால் இருப்பவரின் துப்பட்டாவும் முந்தானையும் சக்கரத்தின் பக்கம் போகாமல் இருக்கிறதா என்பதையும் கிளம்பும்முன் பார்த்துவிடுங்கள்.

நான்காவது, நேரம். மாலை இருட்டுவதற்குள் அடிவாரம் வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. திம்பம் பாதையில் வனவிலங்குகள் அடிபட்டுச் சாவதைத் தடுக்க, உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. கல்லட்டியில் அடுத்தடுத்து நடந்த விபத்துகளுக்குப்பின், ஊட்டியிலிருந்து அந்த வழியே இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. செக்போஸ்ட்டில் நிற்கும் காவலரிடம் வாதாடும் பயணிகளைப் பார்க்கிறோம். அந்தக் கட்டுப்பாடுகள் உயிர்களைக் கொடுத்து வாங்கியவை. அவற்றை மதிப்பதுதான் நியாயம்.

குரங்குகளுக்குத் தின்பண்டம் போடுவதையும் நிறுத்துவோம். வளைவில் நாம் எறியும் ஒரு வாழைப்பழம் குரங்கைச் சாலைக்கு நடுவே வரவழைக்கிறது. பின்னால் பைக்கில் வருகிறவன் அதற்காக வண்டியை ஒடித்தால் அவனும் விழுவான், குரங்கும் சாகும்.

ஐந்தாவது, நாம் பேச மறந்துபோகும் விஷயம், காகிதங்கள்.

பைக் யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலான வீடுகளில் அப்பா பெயரில். இன்சூரன்ஸுடன் வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் சொந்தக்காரர் ஓட்டும்போது அவருக்கானது. அப்பா பெயரில் உள்ள வண்டியை மகன் ஓட்டி விழுந்தால் அந்தத் தொகை மகனுக்குக் கிடைக்காது. இது தெரியாமல் எத்தனை குடும்பங்கள் நிம்மதியாக இருக்கின்றன! மகனுக்கென்று தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வண்டியைப் பயன்படுத்தினால் பாலிசி செல்லாது என்ற நிபந்தனையையும் எடுத்துப் படித்துக் காட்டுங்கள்.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை கையில் சாவியைக் கொடுப்பவர்களுக்குச் சட்டம் இப்போது கடுமையாக இருக்கிறது. 2019-ல் வந்த திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது. “பக்கத்துத் தெருவரைதானே” என்று கொடுக்கிற சாவிதான் ஒருநாள் மலைக்குப் போகிறது.

ஹெல்மெட் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம். நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும்தான். ஒரு லட்சம், இரண்டு லட்சம் கொடுத்து பைக் வாங்குகிறோம். ஹெல்மெட் கடையில் மட்டும் இருநூறு ரூபாய்க்கு ஏன் பேரம் பேசுகிறோம்? நல்ல ஹெல்மெட், உள்ளங்கையைக் காக்கும் கையுறை, கணுக்காலை மூடும் ஷூ. பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது என்று யோசிக்கும் அத்தைகள், மாமாக்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

வேகமே வேண்டும் என்று துடிக்கிற பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தளம் உண்டு. கோவை செட்டிபாளையத்தில் ‘கரி மோட்டார் ஸ்பீடுவே’ உண்டு. இரண்டிலும் பயிற்சி முகாம்கள் நடக்கின்றன. அங்கே எல்லோரும் ஒரே திசையில் ஓட்டுகிறார்கள். எதிரே பஸ் வராது, மாடு வராது. விழுந்தாலும் சறுக்கிப்போகக் காலியிடம் இருக்கிறது, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கிறது. வளைவில் எப்படி உடம்பைச் சாய்ப்பது, பார்வையை எங்கே வைப்பது என்பதை முறையாகச் சொல்லித்தருகிறார்கள். பிள்ளைக்கு நிஜமாகவே ஆர்வம் இருக்கிறது என்றால், ஒருமுறை அந்தக் கட்டணத்தைக் கட்டிப் பாருங்கள். தளத்தில் ஒருநாள் ஓட்டியவர்கள் சாலையில் நிதானமாக ஓட்டுவதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். வேகத்துக்கு எவ்வளவு இடம் தேவைப்படுகிறது என்பது அங்கேதான் புரிகிறது.

ஒருவேளை யாராவது விழுந்து கிடப்பதைப் பார்த்தால் வண்டியை நிறுத்துங்கள். 108-க்கு அழையுங்கள், எத்தனையாவது வளைவு என்று பலகையைப் பார்த்துச் சொல்லுங்கள். உதவி செய்தவரைப் போலீஸ் அலைக்கழிக்கும் என்ற பயம் இனி வேண்டாம். பெயரைக்கூடச் சொல்லவேண்டிய கட்டாயமில்லை என்று சட்டமே பாதுகாப்பு தருகிறது. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரத்துக்கு, குறிப்பிட்ட வரம்புக்குள் கட்டணமில்லாச் சிகிச்சையும் உண்டு. 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கும் இந்தத் திட்டம் இன்னும் பல வீடுகளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

வாசக நண்பர்களே, பயமுறுத்துவதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. நம் மலைகள் அழகானவை. அவற்றை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும். வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில் நின்று கீழே சமவெளியைப் பார்க்கும் பாக்கியம் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். கார் வைத்திருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களையும் ஒருமுறை அழைத்துப் போகவேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை உங்கள் வீட்டில் “ரைடு போறோம்” என்ற பேச்சு எழும்போது டி.வி.யை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் உட்காருங்கள். எந்த வழி, யார் யார், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்று கேளுங்கள். மறுநாள் போகிற ரைடை ஒருநாள் தள்ளிப்போட்டாவது டயரில் காற்று, பிரேக், லைட், பெட்ரோல் என்று நாலு விஷயத்தையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். வழியில் போன் அடித்து நச்சரிக்காதீர்கள். மலையில் சிக்னலும் சரியாக இருக்காது, ஓட்டும்போது எடுக்கவும் கூடாது. மேலே போனதும் ஒன்று, கீழே இறங்கியதும் ஒன்று, இரண்டு மெசேஜ் போதும் என்று பேசிக்கொள்ளுங்கள். லேட்டானால் திட்டமாட்டோம் என்றும் சொல்லிவிடுங்கள். அம்மா திட்டுவாள் என்ற பயத்தில் எந்தப் பிள்ளையும் கடைசிப் பத்து வளைவுகளை வேகமாக இறங்கக்கூடாது.

இளைய வாசகர்களுக்கும் ஒன்று. மெதுவாக ஓட்டியதால் யாரும் உங்களை மட்டமாக நினைக்கமாட்டார்கள். அப்படி நினைக்கிற குழுவோடு மலைக்குப் போகாதீர்கள். கடைசியாக வருபவனுக்காக ஒவ்வொரு திருப்பத்திலும் காத்திருக்கிற நண்பர்களோடு போங்கள். ரைடுக்கு அவர்கள்தான் பொருத்தமானவர்கள், வாழ்க்கைக்கும்தான்.

நல்லபடியாகப் போய்விட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்